கணவாய் மினுங்கிய வீடு

புனிதமக்காவிடம் ஐந்து தொழில்களுக்குச் சான்றிதழ் இருக்கிறது: தையல், காளான் வளர்ப்பு, தேனீ வளர்ப்பு, ஆடு வளர்ப்பு, தலைமைத்துவம். அவர் செய்வது ஆறாவது தொழில். கரையில் கணவாய் மீன் வாங்கி விற்கிறார். அதற்கு யாரும் பயிற்சி கொடுக்கவில்லை. அதனாலோ என்னவோ அது மட்டும் ஒழுங்காக நடக்கிறது.

அவர் முல்லைத்தீவுக் கடற்கரையில் பிறந்து, அங்கேயே இன்னாசித்தம்பியைக் கட்டி, போரில் இடம்பெயர்ந்து, முகாமில் இருந்து திரும்பி வந்தவர். திரும்பி வந்தபோது காணியில் கிணறு மட்டும் இருந்தது. பிறகு திட்டங்கள் வந்தன. ஒரு திட்டம் அவருடைய வீட்டு ஒழுங்கையின் இரண்டு பக்கமும் இருந்த எல்லாப் பெண்களுக்கும் தையல் மெஷின் கொடுத்தது. எல்லோரும் தைத்தார்கள், வாங்குவதற்குத் தைக்காத ஒருவர் தேவைப்பட்டார், கிடைக்கவில்லை. இன்னொரு திட்டம் தேனீப் பெட்டி கொடுத்தது. தேனீக்கள் கடல் காற்றை ஒரு கிழமை பொறுத்துப் பார்த்துவிட்டு ஒட்டுசுட்டான் காட்டுப் பக்கம் போய்விட்டன. கடைசியாக வந்த திட்டம் ஒரு பெரிய பிரிட்ஜ் கொடுத்தது. அது எதற்கு என்று சொல்லும் பயிற்சிக்கு நிதி முடிந்துவிட்டதால், புனிதமக்கா தன் எண்ணப்படி அதில் கணவாய் வைத்தார்.

வாய் ஓயாத மனுசி. கடற்கரைப் பெண்கள் சங்கத்தின் தலைவியும் அவர்தான். மற்றவர்கள் வராத ஒரு கூட்டத்தில் ஏகமனதாகத் தெரிவானவர். இன்னாசித்தம்பி அதிகம் பேசமாட்டார். மனைவி கதைக்கத் தொடங்கினால் அவர் படகை இறக்கிவிடுவார். இதனால் கரையில் அவருக்கு நல்ல உழைப்பாளி என்று பெயர்.

சென்ற ஆண்டு சித்திரை வருஷப் பிறப்பு முடிந்த கையோடு இவர்கள் வீட்டு முன்னறைக்குச் சாரங்கா என்ற விரிவுரையாளர் குடிவந்தார். புளியங்குளத்தில் பிறந்தவர், தெற்கில் ஒரு பல்கலைக்கழகத்தில் கடல் உயிர்களைப் பற்றிப் படிப்பிக்கிறவர். நுணுக்குக்காட்டி ஒன்றும், போத்தல்கள் நிறைந்த இரண்டு பெட்டிகளும், மெல்லிய துணி போன்ற வலை ஒன்றும் கொண்டுவந்திருந்தார்.

“என்னத்தைப் பிள்ளை ஆராயப் போறியள்?” என்று புனிதமக்கா கேட்டார்.

“இருட்டிலை கடல் மினுங்குமெல்லோ அக்கா? என்ன சீவன் மினுங்குது, ஏன் மினுங்குது எண்டு பாக்கப் போறன்.”

“உதைப் பாக்கவோ இவ்வளவு தூரம் வந்தனீங்கள்?”

புனிதமக்காவுக்குப் பெரிய ஏமாற்றம். எண்ணெய் கிண்டுவார்கள், புதையல் எடுப்பார்கள் என்று நினைத்திருந்தார். கடல் மினுங்குவது அந்தக் கரையில் எல்லோரும் அறிந்த தொல்லை. தண்ணீருக்குள் வலை நெருப்புப் பிடித்ததுபோலத் தெரியும், மீன் கண்டு விலகிவிடும். அப்படியான நாட்களில் இன்னாசித்தம்பி வெறும் படகோடு வந்து, பேசாமல் சாப்பிட்டுவிட்டுப் படுப்பார்.

சாரங்கா கடலுக்குப் போக அனுமதி வேண்டியிருந்தது. அதைக் கொடுப்பது கரையோர ஒருங்கிணைப்பு அலுவலகம். எதை எதனோடு ஒருங்கிணைப்பது என்று அந்த அலுவலகத்துக்கு இன்னும் அறிவிக்கப்படவில்லை. ஆனால் கட்டடமும் வாகனமும் கதிர்காமநாதன் என்ற உதவி இணைப்பாளரும் இருந்தார்கள். கதிர்காமநாதன் மரியாதையான மனிதர். சாரங்காவைக் கதிரையில் இருத்தி, தேத்தண்ணி வரவழைத்து, அனுமதிக் கடிதத்தைத் தன் கையாலேயே கொடுத்தார்.

“மிஸ், காலமை எட்டு மணியிலை இருந்து பின்னேரம் நாலு மணி மட்டும் நீங்கள் தாராளமாக் கடலிலை நிக்கலாம்.”

“ஐயா, நான் பாக்க வந்தது இருட்டிலை மினுங்கிற சீவன்களை.”

“விளங்குது. ஆனா இருட்டிலை பாதுகாப்பில்லை. வெளிச்சத்திலை பாத்தா இன்னும் வடிவாத் தெரியுமெல்லோ?”

“வெளிச்சத்திலை அது மினுங்கிறது தெரியாது ஐயா.”

கதிர்காமநாதன் உண்மையாகவே யோசித்தார். உதவ வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு இருந்தது. “அப்ப கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கோவன்,” என்றார்.

சாரங்கா வேறு வழியின்றிப் பகலில் போனார். இன்னாசித்தம்பியின் படகில் நின்று, கொளுத்தும் வெயிலில் தன் மெல்லிய வலையை இழுத்து, போத்தல்களில் கடல் தண்ணீர் கொண்டுவந்தார். முன்னறையின் யன்னல்களைச் சாக்கால் மூடி, கட்டிலில் இருந்து போர்வையால் தலையை மூடிக்கொண்டு, போத்தலை மெல்லக் குலுக்கிப் பார்ப்பார். வரும் வழியிலேயே முக்கால்வாசி சீவன்கள் வெயிலில் செத்திருக்கும். மீதியில் இரண்டொரு பொட்டு மினுங்கி அணையும். முல்லைத்தீவுக் கடலின் ஒளியைப் பற்றிய ஆராய்ச்சி இப்படி ஒரு போர்வைக்குள் தொடங்கியது. பக்கத்து வீட்டு இராசமலர் ஒருநாள் இதைக் கண்டுவிட்டு, “பாவம், படிச்ச பிள்ளை. காய்ச்சலோ?” என்று கொத்தமல்லி அவித்துக் கொண்டுவந்து கொடுத்தார்.

இரண்டாவது கிழமை ஒருநாள் இருள்கிற மைம்மல் பொழுதில் கரண்ட் போனது. முதல்நாள் விலைப்படாத கணவாயைப் புனிதமக்கா கழுவாமல், கடல் தண்ணீரிலேயே ஊறவிட்டு, பேசின் பாத்திரத்தோடு பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்திருந்தார். கறிக்கு எடுக்கவென்று இருட்டுக்குள் தடவிக் கதவைத் திறந்தார்.

அடுத்து அவர் போட்ட கூச்சலில் ஒழுங்கை நாய்கள் எல்லாம் குரைத்தன.

சாரங்கா குசினிக்கு ஓடினார். புனிதமக்கா நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டபடி சுவரோடு ஒட்டி நின்றார். பேசினுக்குள் கணவாய்கள் நீல வெளிச்சத்தில் கிடந்தன. கையால் தொட்ட இடமெல்லாம் வெளிச்சம் விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது.

“அக்கா, அசையாதேங்கோ! கழுவிப் போடாதேங்கோ!” என்றார் சாரங்கா. இரண்டு கிழமையில் அவர் அன்றுதான் முதன்முதலாகச் சிரித்தார்.

“பிள்ளை, இது என்ன? பேயோ?”

“பக்டீரியா அக்கா. கண்ணுக்குத் தெரியாத சீவன்கள். கடல் தண்ணியிலை எப்பவும் இருக்கிறதுகள்தான், கணவாயின்ரை தோலிலை ஒட்டிக்கொண்டு வரும். உப்புத் தண்ணியிலை, குளிரிலை நீங்கள் வைச்சபடியாப் பெருகிட்டுதுகள். ஒண்டு ரெண்டு எண்டா மினுங்காது. கூட்டம் சேந்தாத்தான் வெளிச்சம் காட்டும்.”

“எங்கட சங்கத்துக்கு எதிர்மாறு எண்டு சொல்லுங்கோ,” என்றார் புனிதமக்கா. பயம் கொஞ்சம் தெளிந்திருந்தது.

கரண்ட் வரும்வரை இருவரும் குசினித் தரையில் இருந்து கணவாயைப் பார்த்தார்கள். சாரங்கா பஞ்சால் தொட்டுத் தொட்டு, கண்ணாடித் தட்டுகளில் பூசி எடுத்தார். எட்டு மணிக்கும் நாலு மணிக்கும் கட்டுப்படாத ஒரு கடல் அவருக்குப் பிரிட்ஜுக்குள் கிடைத்துவிட்டது.

புனிதமக்கா இந்த விஷயத்தை ஒருவருக்கும் சொல்லமாட்டேன் என்று சாரங்காவுக்கு வாக்குக் கொடுத்தார். இராசமலருக்கு மட்டும் சொன்னார்.

மறுநாள் சந்தையில் மூன்று கட்சிகள் இருந்தன. போர்க்காலத்தில் கடலில் கொட்டிய ஏதோ மருந்து கணவாயில் ஏறிவிட்டது என்றது முதற்கட்சி. புனிதம் என்ற பெயருள்ளவர் வீட்டில், அதுவும் தவக்காலம் முடிந்த கையோடு இப்படி நடப்பதற்கு அர்த்தமிருக்கிறது என்றது இரண்டாவது. மூன்றாவது கட்சி புனிதமக்கா பழுதான கணவாய் விற்கிறார் என்றது. அதில் இருந்தவர்கள் எல்லோரும் கணவாய் வியாபாரிகள். கைபேசியோடு ஒருவர் வந்து பிரிட்ஜைப் படமெடுத்து, “அதிர்ச்சியில் முல்லைத்தீவு” என்று தலைப்புப் போட்டார். படத்தில் பிரிட்ஜ் மூடியிருந்தது. அதை ஆயிரக்கணக்கானோர் பார்த்தார்கள்.

சாரங்கா சந்தைக்கே போய் விளக்கினார். கறி சமைத்தால் அந்தச் சீவன்கள் செத்துவிடும், பயப்பட ஒன்றுமில்லை என்றார். எல்லோரும் அமைதியாகக் கேட்டார்கள். அவர் போன பிறகு, “உண்மை தெரிஞ்சும் மறைக்கிறா,” என்று மூன்று கட்சிகளும் முதன்முறையாக ஒன்றுபட்டன.

கணவாயை வவுனியாவுக்கு ஏற்றுகிற சரீப், புத்தளத்தில் பல காலம் அகதியாக இருந்துவிட்டுச் சொந்த ஊர் திரும்பியவர். புனிதமக்காவின் நெடுநாள் வாடிக்கை. அன்று அவர் லொறியை விட்டு இறங்காமலே கதைத்தார்.

“தங்கச்சி, எனக்குத் தெரியும் அதிலை ஒண்டுமில்லை எண்டு. வவுனியாவிலை சனம் கேக்குது, இது மினுங்கிற கணவாயோ எண்டு. இல்லை எண்டா நம்புறாங்க இல்லை. ஓம் எண்டா வாங்குறாங்க இல்லை. நான் என்ன செய்ய?”

“சரீப் நானா, நீங்களும் இப்பிடிச் சொன்னா நான் எங்கை போறது?”

“கொஞ்ச நாள் பொறுங்க. சனத்துக்கு வேற கதை ஒண்டு கிடைக்கும்.”

வேறு கதை கிடைக்கவில்லை. கதிர்காமநாதனுக்குத்தான் ஒரு யோசனை கிடைத்தது. ஒளிரும் கடலைக் காட்டிச் சுற்றுலாப் பயணிகளை அழைக்கலாம் என்று அவர் மேலிடத்துக்கு எழுதினார். மேலிடம் உடனே சம்மதித்தது. கொழும்பிலிருந்து பிரதம விருந்தினர் ஒருவர் புனிதமக்கா வீட்டு முற்றத்தில் மினுங்கும் கணவாயைப் பார்வையிட்டுத் திட்டத்தைத் தொடக்கிவைப்பதாக முடிவானது. கடலில் போய்ப் பார்க்க முடியாது, ஏனென்றால் நிகழ்ச்சி பின்னேரம் ஆறரைக்கு. அந்நேரம் கடலுக்குப் போக அவருடைய அலுவலகமே அனுமதிப்பதில்லை.

சாரங்கா புதிதாகக் கணவாய் வாங்கி, கடல் தண்ணீரில் ஊறவைத்து, இரண்டு நாள் பார்த்துப் பார்த்துத் தயார் செய்தார். அது நன்றாகவே மினுங்கியது.

நிகழ்ச்சியன்று முற்றம் நிறைந்த சனம். பந்தலில் பதினாறு குழல் விளக்குகள் எரிந்தன. முதலில் மங்கள விளக்கேற்றல். குத்துவிளக்கின் ஒவ்வொரு திரியையும் ஒவ்வொரு பெரியவர் ஏற்றினார். திரி போதாமல் போக இன்னொரு குத்துவிளக்குக் கொண்டுவந்தார்கள். பேச்சுகள் நடந்தன. இருள் சூழ்ந்த மக்களின் வாழ்வில் ஒளி பிறந்திருக்கிறது என்று கதிர்காமநாதன் சொன்னபோது பூச்சிகள் அவர் வாய்க்குள் போயின.

“இனி லைட்டை நூக்க வேணும் ஐயா,” என்றார் சாரங்கா.

“பிரதம விருந்தினரை இருட்டுக்குள்ளை எப்பிடி மிஸ் இருத்துறது?”

பாதுகாப்புக்கு வந்தவர்களோடு நெடுநேரம் கதைத்து, ஒருவழியாகக் குழல் விளக்குகளை அணைத்தார்கள். இரண்டு குத்துவிளக்குகளும் எரிந்துகொண்டிருந்தன. அவற்றை அணைக்க ஒருவரும் முன்வரவில்லை. மங்கள விளக்கை நூப்பது கூடாது என்றார்கள் சைவக்காரர். நாங்கள் நூத்தால் வேறு கதை வரும் என்றார்கள் வேதக்காரரான கிறிஸ்தவர்கள். கடைசியில் நாலு பேர் சேர்ந்து விளக்குகளை எரிந்தபடியே தூக்கிக்கொண்டு போய்க் கிணற்றடியில் வைத்தார்கள்.

முற்றம் இருண்டது. புனிதமக்கா புதுச் சீலையோடு, வெள்ளைத் துணி போர்த்திய பேசினை இரண்டு கையாலும் ஏந்தி வந்து மேசையில் வைத்து, துணியை எடுத்தார்.

ஒன்றும் தெரியவில்லை.

நுளம்புகள் மட்டும் வேலை செய்தன. யாரோ இருமினார்கள். பிரதம விருந்தினர், “எங்கே?” என்றார்.

சாரங்கா மெதுவாகக் கேட்டார். “அக்கா, கணவாயைக் கழுவினீங்களோ?”

“பின்னை? பெரிய ஆக்கள் வரேக்கை நாறின கணவாயையோ கொண்டுவந்து வைக்கிறது? மூண்டு தரம் கிணத்துத் தண்ணியிலை கழுவி, மஞ்சளும் தேசிக்காயும் போட்டுத் தேய்ச்சு வைச்சிருக்கிறன்.”

உப்பில்லாத தண்ணீர் பட்டால் அந்தச் சீவன்கள் பிழைக்காது. சாரங்காவின் முகம் எப்படி இருந்தது என்பது இருட்டில் யாருக்கும் தெரியவில்லை. அது ஒன்றுதான் அன்றைய இருட்டால் கிடைத்த நன்மை. கதிர்காமநாதன் பலமாகக் கை தட்டினார். அவர் தட்டியதால் மற்றவர்களும் தட்டினார்கள். லைட்டுகள் எரிந்தன. பிறகு அந்தக் கணவாயைப் புனிதமக்கா தேங்காய்ப்பால் விட்டுக் காய்ச்சி, சோற்றோடு பரிமாறினார். பிரதம விருந்தினர் மூன்று தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அலுவலகத்தின் அறிக்கையில், அதிதிகள் முன்னிலையில் ஒளிரும் உயிரினங்கள் வெற்றிகரமாகக் காட்சிப்படுத்தப்பட்டன என்று இருக்கிறது. அவர்கள் சாப்பிட்டதைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

அடுத்த கிழமை சாரங்காவின் பகல்நேர அனுமதியும் மீள்பரிசீலனைக்கு எடுக்கப்பட்டது; அது முடியும்வரை கடலுக்குப் போக முடியாது. அவர் போத்தல்களைப் பெட்டியில் அடுக்கத் தொடங்கினார். புனிதமக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“என்னாலைதானே பிள்ளை.”

“உங்களாலை இல்லை அக்கா. கழுவச் சொல்லித்தானே எல்லாப் பயிற்சியிலையும் சொல்லித் தந்திருப்பினம்.”

அன்று முழுவதும் புனிதமக்கா வாய் திறக்கவில்லை. இன்னாசித்தம்பி கடலுக்குப் போவதா விடுவதா என்று தெரியாமல் முற்றத்தில் நின்றார். மாலையில் புனிதமக்கா சங்கத்தின் முத்திரையை அலுமாரியில் இருந்து எடுத்தார். கடற்றொழில் செய்கிறவர்களுக்கு நேரக் கட்டுப்பாடு இல்லை. விடியப்புறம் மூன்று மணிக்கும் போகலாம். ஆகவே சாரங்கா கடற்றொழில் செய்யும் பெண் என்றும், சங்கத்தின் நீண்டகால உறுப்பினர் என்றும் தலைவி என்ற முறையில் எழுதி, முத்திரை குத்தினார். ஐந்து சான்றிதழ் வாங்கியவர் தன் வாழ்நாளில் கொடுத்த முதலாவது சான்றிதழ் அது.

“தனியப் பொம்பிளைப் பிள்ளையைப் படகிலை ஏத்திக்கொண்டு இருட்டுக்குள்ளை போனா ஊர் கதைக்கும்,” என்றார் இன்னாசித்தம்பி. “நீயும் வா.”

இதை அவர் யோசிக்காமல் சொல்லிவிட்டார். சொன்ன பிறகு தலை குனிந்துகொண்டார்.

சுனாமியில் புனிதமக்காவின் தாயும் மூத்த மகளும் போனார்கள். மகளுக்கு ஏழு வயது. அதன்பிறகு அவர் கடலில் கால் வைத்ததில்லை. படகு கரைக்கு வந்தால் காய்ந்த மணலிலேயே நின்று, கூடையைத் தன்னிடம் கொண்டுவரச் சொல்லிக் கணவாய் வாங்குவார். கேட்டவர்களுக்கு, சீலை நனையும் என்பார். ஊரில் ஒருவரும் இரண்டாம் தரம் கேட்டதில்லை.

“சரி, வாறன்,” என்றார் புனிதமக்கா.

விடியுமுன் மூவரும் கரைக்குப் போனார்கள். காவலில் நின்றவர் கடிதத்தை ரோச் லைட் அடித்துப் பார்த்தார்.

“இது என்ன போத்தல்?”

“மீன் பிடிக்க,” என்றார் புனிதமக்கா.

“இவ்வளவு சின்னப் போத்தலிலா?”

“சின்ன மீன்.”

அவர் விட்டுவிட்டார். படகு அலையைத் தாண்டும்வரை புனிதமக்கா பலகையை இரண்டு கையாலும் பிடித்து, கண்ணை மூடிச் செபம் சொன்னார். கரை மறைந்த பிறகு சாரங்கா, “அக்கா, பாருங்கோ,” என்றார். புனிதமக்கா பார்க்கவில்லை. இன்னொரு தரம் சொன்னார். பிறகு பார்த்தார்.

படகின் பின்னால் வெளிச்சத்தால் ஒரு பாதை போய்க்கொண்டிருந்தது. பக்கத்தில் மீன்கள் விலகி ஓடின. ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு கோடு. சாரங்கா இஞ்சினை நிறுத்தச் சொல்லி, வலையை இறக்கினார். வலையின் கயிறு, கண்ணி எல்லாமே நீலமாய்த் தெரிந்தன. அவர் போத்தல் போத்தலாக நிரப்பினார், வாய்விட்டுச் சிரித்தார், ஏதேதோ நீண்ட பெயர்களைச் சொன்னார். புனிதமக்கா ஒரு கையைப் பலகையில் இருந்து எடுத்து, நெடுநேரம் மடியில் வைத்திருந்து, பிறகு தண்ணீருக்குள் விட்டார். விரல்களைச் சுற்றி வெளிச்சம் கலைந்தது. எடுத்தார். மறுபடி விட்டார்.

அவரிடமிருந்து சத்தமே வராததால் இன்னாசித்தம்பிக்குப் பயம் வந்தது. விழுந்துவிட்டாரோ என்று திரும்பிப் பார்த்தாராம்.

“இது இவ்வளவு வடிவு எண்டு இவ்வளவு காலமும் ஏன் எனக்குச் சொல்லேல்லை?” என்று புனிதமக்கா கேட்டார்.

“நீ எங்கை என்னைக் கதைக்க விட்டனீ?”

அந்தக் கடலில் புனிதமக்கா மகளின் பெயரைச் சொன்னாரா என்று, இதே ஊரில் இருந்து இதை எழுதும் நான் பிறகு இன்னாசித்தம்பியிடம் கேட்டேன். இஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை என்றார். இஞ்சினை அப்போது நிறுத்தியிருந்ததை அவரும் மறந்திருக்கமாட்டார். நான் விட்டுவிட்டேன்.

அந்தப் பருவம் முடியும்வரை சாரங்கா விடியப்புறங்களில் கடற்றொழிலாளராகவும், பகலில் விரிவுரையாளராகவும் இருந்தார். கொண்டுபோன சீவன்களில் பெரும்பாலானவை ஏற்கனவே பெயருள்ளவை. ஒன்று மட்டும் எதோடும் பொருந்தவில்லை. அது புதிய இனமா என்று தொலைபேசியில் கேட்டால், “இன்னும் தெரியாது,” என்கிறார். பதவியில் உள்ள ஒருவர் வாயிலிருந்து நான் கேட்ட மிக அபூர்வமான பதில் அது.

சரீப்பின் பிரச்சினையும் தீர்ந்தது, கொஞ்சம் கோணலாக. மினுங்கும் கணவாய் கண்பார்வைக்கு நல்லது என்று வவுனியாவில் யாரோ கிளப்பிவிட, இப்போது சனம் அதைத்தான் கேட்கிறது. “தங்கச்சி, மினுங்கிறது இல்லையோ?” என்று அவர் லொறியில் இருந்து இறங்கி ஓடிவருகிறார். “நான் கழுவித்தான் விக்கிறனான்,” என்கிறார் புனிதமக்கா.

சுற்றுலாத் திட்டமும் நிறைவேறியது. ஒளிரும் கடலைப் பார்க்க வருகிறவர்கள் இருட்டில் தடுக்கி விழாதிருக்க, கரை நெடுகச் சூரிய ஒளி விளக்குகள் நட்டார்கள். நல்ல விளக்குகள். மணலில் ஊசி விழுந்தாலும் எடுக்கலாம். அதன்பிறகு கரையில் நின்று பார்த்தால் கடல் மினுங்குவது தெரிவதில்லை. வருகிறவர்கள் விளக்குகளின் கீழ் நின்று படமெடுத்துக்கொண்டு போகிறார்கள்.

புனிதமக்கா வீட்டுக்கு நேரே நிற்கிற விளக்கு மட்டும் ஒருநாள் தலையில் உரப்பை கட்டியபடி காணப்பட்டது. கதிர்காமநாதன் வாகனத்தில் வந்து இறங்கி, கழுத்தை நிமிர்த்திப் பார்த்தார். உரப்பை நைலோன் கயிற்றால் சுற்றி, வலைக்காரர் போடுகிற முடிச்சுப் போட்டு இறுக்கப்பட்டிருந்தது.

“ஆர் உதைக் கட்டினது?”

“காத்து ஐயா,” என்றார் புனிதமக்கா. “இஞ்சை சரியான காத்து.”

கதிர்காமநாதன் முடிச்சை இன்னொருமுறை பார்த்தார். அவிழ்க்க ஏணி வேண்டும். ஏணி கேட்டு மேலிடத்துக்கு எழுத வேண்டும். “காத்துக்கு நாங்கள் என்ன செய்யிறது,” என்று சொல்லிவிட்டு, வெயிலில் இருந்து ஒதுங்கி, புனிதமக்கா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார்.